கோளாறு செடியிலா, லாரியில் வந்த மண்ணிலா? சென்னை வீட்டுத் தோட்டத்துக்கு அறிகுறி பார்த்துப் பொருள் தேர்வது

பஞ்சாங்கப்படி இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். சென்னையில் அந்த மாதங்களில் தோட்ட வேலை தொடங்கினால் அக்கினி நட்சத்திரம் கன்றுகளைப் பொசுக்கிவிடும். நமக்கு உரிய காலம் தை பிறந்ததிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணுக்குள் இருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. டிப்பர் லாரிகளும் நர்சரி வண்டிகளும் தெருவுக்குள் வரத் தொடங்குவது அப்போதுதான்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள சிறிய இடத்திலும் உறவினர் வீடுகளிலும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். செடி வாடினால் உடனே உரம் வாங்குகிறோம், மருந்து அடிக்கிறோம், செடியையே மாற்றுகிறோம். பெரும்பாலும் கோளாறு செடியில் இல்லை; அதற்கு அடியிலும் பக்கத்திலும் நாம் கொட்டிய பொருளில் இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடிப் பாருங்கள். காரணம் தெரிந்த பிறகு அடுத்த லோடுக்குச் சொல்லி அனுப்பலாம்.

அதற்கு முன்: உங்கள் தரை எது?

சென்னை முழுவதும் ஒரே மண் இல்லை. தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், வில்லிவாக்கம், கொளத்தூர், விருகம்பாக்கம் பக்கம் பெரும்பாலும் களிமண். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் சில அடி தோண்டினாலே பாறை தட்டும். திருவான்மியூரில் பலன் கொடுத்த பொருள் அண்ணா நகரில் கெடுதல் செய்யலாம்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிவரை உங்கள் மண்ணைப் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் அது களி. இந்த ஒரு பாட்டிலைப் பார்க்காமல் ஒரு கூடை மண்கூட வாங்காதீர்கள்.

அறிகுறி: மழை விட்டு இரண்டு நாளாகியும் தண்ணீர் வடியவில்லை

ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, இந்த இரண்டாம் முறை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் அந்தத் தரைக்கு வடிகால் தேவை.

பலரும் இந்த இடத்தில்தான் எம்.சாண்ட் வாங்கிக் களிமண்ணில் கலக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். களியின் தன்மையை மணலால் மாற்ற வேண்டுமானால் மொத்த மண்ணில் பாதியளவாவது மணல் வேண்டும். கொஞ்சமாகக் கலந்தால் களி மணலைப் பிடித்துக்கொண்டு முன்பைவிடக் கெட்டியாகும். எம்.சாண்ட் பாறையை உடைத்து எடுப்பது. அதில் தூள் மிகுந்திருந்தால் இறுக்கம் இன்னும் கூடும். கட்டடத்துக்கு அது நல்ல பொருள், பாத்திக்கு அல்ல.

களியைத் திறப்பது மக்கிய பொருள்தான். நன்றாக மக்கிய தொழு உரத்தை 2 அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேல் அரை அடி மண்ணோடு கொத்திக் கலந்துவிடுங்கள். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 17 கன அடி உரம் தேவைப்படும். ஒரே முறையில் மண் மாறிவிடாது. ஆண்டுதோறும் போட வேண்டும். தண்ணீர் கட்டாயம் வெளியேற வேண்டிய இடமென்றால், ஓரமாக ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி ஒன்றரை ஜல்லி, அதாவது 40 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்புங்கள். ஜல்லியைச் சுற்றி ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்தால் களி உள்ளே புகுந்து அடைக்காது. துணிக்குப் பதிலாகச் சிமென்ட் சாக்கு வைத்தால் சில மழைக்காலங்களில் கிழிந்து வாய்க்கால் மூடிக்கொள்ளும்.

அறிகுறி: கொட்டிய செம்மண் செங்கல்லாக இறுகிவிட்டது

இதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் சென்னையில் தோட்டம் போடுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் லோடு இருட்டிய பிறகு வந்தது. செம்மண் என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போனார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் சிவப்பாகத்தான் தெரிந்தது. மாசி முடிவதற்குள் மேல்மண் வெடித்து, நட்ட செம்பருத்திகள் அசையாமல் நின்றன. ஒரு தளிர்கூட விடவில்லை. தோட்ட வேலைக்கு வரும் பெரியவர் கடப்பாரையால் ஒரு கட்டியைப் பெயர்த்து என் கையில் கொடுத்தார். உடைத்துப் பார்த்தேன். உள்ளே விரல்நக அளவில் வெள்ளைப் பூச்சுத் துண்டுகள், ஓட்டுச் சில்லு, நசுங்கிய பிளாஸ்டிக் உறை. வேர் அந்தக் கட்டிக்குள் நுழையவே இல்லை. அதன் மேல்பக்கமாகவே வளைந்து படர்ந்திருந்தது. "ஐயா, இது மண் இல்லை, இடித்த வீடு" என்றார் அவர்.

கடைக்காரர்கள் செம்மண் என்று ஒரே பெயரில் பல பொருள்களை விற்கிறார்கள். நல்ல மேல்மண் ஒன்று. பள்ளம் நிரப்பப் பயன்படும் சவுடு இன்னொன்று. கட்டட இடிபாட்டோடு கலந்தது மூன்றாவது. சவுடு தரையை உயர்த்த உதவும், செடி வளர்க்க உதவாது. வாங்குவதற்கு முன் ஒரு பை மாதிரி கேளுங்கள். தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். மாதிரி கையில் வந்ததும் மூன்று சோதனைகள் செய்யலாம்.

கைப்பிடி மண்ணை லேசாக நனைத்து இறுக்கிப் பிடித்து, விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். உருண்டையாக நின்று, தட்டியதும் உதிர்ந்தால் நல்லது. விரல்களுக்கிடையே நாடாவாக நீண்டால் களி. பிடிக்கவே நிற்காவிட்டால் மணல்.

வெள்ளைத் துகள் தெரிந்தால் அதைப் பொடித்து, எலுமிச்சைச் சாறு சில துளி விடுங்கள். குமிழி வந்தால் அது சுண்ணாம்பு.

பிறகு மண்ணைச் சல்லடையில் போட்டு, உருண்டையான சிறு கருப்புக் கிழங்குகள் தங்குகின்றனவா என்று பாருங்கள். அவை கோரைக் கிழங்கு. அந்த லோடு உள்ளே வந்தால், நீங்கள் மேலே பிடுங்கப் பிடுங்கக் கீழே கிழங்கு பெருகும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு லோடைத் திருப்பி அனுப்பலாம்.

அளவிலும் கவனம் வேண்டும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. டிப்பரின் உட்பக்க நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். 100 சதுர அடியை அரை அடி உயர்த்த அரை யூனிட் போதும் என்று கணக்கு சொல்லும். நனைந்தால் அமுங்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லுங்கள். பகலில் மட்டும் இறக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

ஏற்கெனவே இறுகிப்போன மண் இருந்தால், இடிபாடு இல்லாத வெறும் சவுடு என்ற நிலையில் தொழு உரமும் மக்கிய இலையும் கலந்து ஓரிரு ஆண்டுகளில் மீட்கலாம். இடிபாடு கலந்திருந்தால் நடும் இடத்தில் மட்டுமாவது ஒன்றரை அடி தோண்டி வெளியே எடுத்துவிடுங்கள். நான் மூன்று வாரம் அந்த வேலையைச் செய்தேன். செம்பருத்தி ஆனியில் பூத்தது.

அறிகுறி: இளந்தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இட்லிப்பூச் செடியில் இது முதலில் தெரியும். பிறகு செம்பருத்தியில், மல்லிகையில். முதிர்ந்த கீழ் இலைகள் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். புதுத் தளிரில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி வெளுத்தும் இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு அதை வேருக்குக் கிடைக்கவிடாமல் செய்துவிடுகிறது.

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். சுவர் பூசியபோது சிந்திய கலவை, கொத்தனார் சட்டியைக் கழுவிய இடம், பாத்தி ஓரத்தில் அழகுக்காகப் போட்ட வெள்ளைச் சுண்ணாம்புக்கல் சிப்ஸ், இவற்றில் ஒன்றாக இருக்கும். அதை அகற்றுவதுதான் தீர்வு. அதுவரை செடி தாங்க, நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள். தரைக்கல்லில் பட்டால் துருக்கறை விழும். ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இலையின் நுனியும் ஓரமும் கருகுகின்றன, மண்மேல் வெள்ளைப் படலம்

இது உப்பு. திருவான்மியூரில் அக்கா வீட்டில் எல்லாரும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குற்றம் சொன்னார்கள். பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி, புதிதாகத் தொட்டிகளில் நிரப்பிய தென்னை நார்க் கழிவு. கோகோபீட் கட்டிகளில் கழுவாதவை நிறைய உப்போடு வருகின்றன. உறையில் 'கழுவியது' என்று போட்டிருந்தாலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

குடிநீர் வடிகட்டி பழுதுபார்க்க வருபவர் கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர், அதாவது நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி, இதற்குப் போதும். கட்டியை ஊறவைத்துப் பிழிந்த நீரில் ஒரு முறையும், நீங்கள் ஊற்றிய நீரில் ஒரு முறையும் அளவு எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் குறையும்வரை ஊறவைத்து வடித்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு முறையில் சரியாகும். இந்த வேலையை மழைநீரில் செய்தால் இன்னும் நல்லது. பாத்தி மண்ணில் ஏற்கெனவே உப்பு ஏறியிருந்தால், வடிகால் உள்ள இடத்தில் நல்ல நீரை நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்குவது ஒன்றே வழி. வேறு மருந்து இல்லை. கடல்மணலைப் பாத்தியில் போடவே கூடாது.

அறிகுறி: ஊற்றிய தண்ணீர் நிற்கவே இல்லை

கடலோர மணல் தரை. களிக்குச் சொன்ன தொழு உரமே இதற்கும் மருந்து, அளவு மட்டும் இரண்டு மடங்கு. மேலே காய்ந்த இலை மூடாக்கு மூன்று அங்குலம். வேறொன்றும் வேண்டாம்.

அறிகுறி: நடைபாதைக் கல் ஆடுகிறது, நடுவில் அமிழ்கிறது

ஆடும் பேவர் பிளாக் ஒன்றைத் திருப்புளியால் நெம்பி எடுத்துப் பாருங்கள். அடியில் கருப்புச் சேறு இருந்தால் அடித்தளமே போடவில்லை. ஈரமான மாவுபோல ஒட்டினால் கிரஷர் தூள் விரித்திருக்கிறார்கள். அது நீரைப் பிடித்துக்கொண்டு கல்லைக் கீழே இறக்கும். அடி நன்றாக இருந்தும் கற்கள் பக்கவாட்டில் விலகியிருந்தால் ஓரத்தில் தாங்கு கல் இல்லை.

சரியான வரிசை இதுதான். மேல்மண்ணை எடுத்துவிட்டு, முக்கால் ஜல்லியும் தூளும் கலந்த கலவை நான்கு அங்குலம் போட்டுத் திமிசுக் கட்டையாலோ இயந்திரத்தாலோ இடித்து இறுக்க வேண்டும். களித் தரை என்றால் ஆறு அங்குலம். அதன்மேல் தூள் குறைந்த மணல் ஓர் அங்குலம். அதற்கு மேல் போனால் கல் மறுபடி இறங்கும். பிறகு கல், ஓரத்தில் சிமென்டில் நிறுத்திய கர்ப் கல், கடைசியாக இடைவெளிகளில் நுண்மணலைக் கூட்டித் தள்ளுதல். நடக்கவும் கார் நிறுத்தவும் 60 மில்லிமீட்டர் கனம் போதும். தண்ணீர் லாரி உள்ளே வரும் வீட்டுக்கு 80 மில்லிமீட்டர் வேண்டும். வாட்டம், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவு, எட்டு அடிக்கு ஓர் அங்குலம், அதுவும் வீட்டுச் சுவரிலிருந்து விலகிப் போகும்படி. கொத்தனார் கண்ணால் பார்த்துச் சொன்னாலும் ரசமட்டம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: கடப்பா கல்லில் வெள்ளைத் திட்டுகள், மதியம் கால் வைக்க முடியவில்லை

கடப்பா கல் சுண்ணாம்புக்கல் இனம். கழிவறை கழுவும் ஆசிட் பட்டால் அதன் மேற்பரப்பு அரித்து வெளுத்துவிடும்; எலுமிச்சையும் புளியும்கூடத் தடம் விடும். போன மெருகு கழுவினால் வராது, மறுபடி தேய்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் போதும். சூடு வேறு பிரச்சினை: அடர் நிறக் கல் வெயிலை உறிஞ்சும். திறந்த இடத்துக்கு வெளிர் நிறத்தில் சொரசொரப்பான தாண்டூர் கல்லோ, கொத்திய கிரானைட்டோ தேர்ந்தெடுங்கள். கடப்பாவை நிழலுக்கும் திண்ணைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மெருகேற்றிய கிரானைட் மழையில் வழுக்கும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் அதை வெளியே போடாதீர்கள்.

அறிகுறி: வெள்ளைக் கூழாங்கல்லுக்கு நடுவே செடி சித்திரையில் வாடுகிறது

கல்லை விலக்குங்கள். அடியில் கருப்புப் பிளாஸ்டிக் தாள் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். நீரும் காற்றும் போகாமல் வேர் வெந்துகொண்டிருக்கும். களை வராமல் தடுக்க நெய்த களைத் தடுப்புத் துணி இருக்கிறது, அது நீரை உள்ளே விடும். கல்லே பகல் வெப்பத்தைச் சேர்த்து இரவில் வெளியிடும் பொருள். கள்ளிக்கும் கற்றாழைக்கும் அது ஒத்துவரும், மல்லிகைக்கு ஒத்துவராது. மெல்லிய தண்டுள்ள செடிகளைச் சுற்றி ஓர் அடிக்குக் கல் வேண்டாம். காய்ந்த இலையோ கடலைத் தோலோ போடுங்கள்.

அப்படிப் போடும்போது கரையான் வருமே என்று கேட்பீர்கள். வரும். மூடாக்கை வீட்டுச் சுவரிலிருந்தும் மரச் சட்டங்களிலிருந்தும் ஓர் அடி விலக்கி வையுங்கள், தண்டைத் தொடவிடாதீர்கள், வாரம் ஒரு முறை கிளறுங்கள். வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி தூவலாம்.

அறிகுறி: புல்தரை திட்டுத் திட்டாக வழுக்கையாகிறது

மாமரத்தடியில் கொரியன் புல் விரித்திருந்தால் அது பிழைக்காது. அதற்கு நேரடி வெயில் ஐந்து, ஆறு மணி நேரமாவது வேண்டும். அரை நிழலுக்குப் பஃபலோ புல் தாங்கும். முழு நிழலுக்கு எந்தப் புல்லும் வேண்டாம். கல் பதித்து இடையில் நிழல் விரும்பும் செடிகளை நடுங்கள். வெயில் நன்றாக இருந்தும் வழுக்கை விழுந்தால், புல் அட்டையைச் சவுடின்மேல் அப்படியே விரித்திருக்கிறார்களா என்று ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வேர் அட்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கீழே இறங்காமல் இருக்கும்.

அறிகுறி: தரையை உயர்த்திய பின் பழைய மரம் உச்சியிலிருந்து பட்டுப்போகிறது

என் மனத்தை மிகவும் வருத்தும் அறிகுறி இது. தெரு உயர உயர, வீட்டுத் தரையையும் லோடு லோடாக மண் கொட்டி உயர்த்துகிறோம். உணவு தேடும் மெல்லிய வேர்கள் மேல் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கின்றன. அதன்மேல் இரண்டடிச் சவுடு ஏறினால் அவற்றுக்குக் காற்று கிடைக்காது. முப்பது ஆண்டு வேம்பும் சில ஆண்டுகளில் போய்விடும். தண்டு தரையோடு சேரும் இடத்தில் வேர் விரிந்து தெரிய வேண்டும். கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கினால் புதைந்துவிட்டது என்று அறியலாம். பழைய மட்டம்வரை மண்ணைக் கையால் எடுத்து, சுற்றிலும் நான்கு, ஐந்து அடிக்குக் கிணறுபோல் கருங்கல் அடுக்கி விடுங்கள். சிமென்ட் பூச வேண்டாம். 2016 டிசம்பர் வர்தா புயலில் நகரம் எத்தனையோ மரங்களை ஒரே நாளில் இழந்தது. நின்ற மரத்தை நாமே புதைக்கக் கூடாது.

அறிகுறி: மாடித் தோட்டத்துக்குக் கீழே கூரையில் ஈரம் அல்லது விரிசல்

நனைந்த மண் ஒரு கன அடி 45 கிலோவுக்குக் குறையாது. ஓர் அடி உயரப் பாத்தி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 480 கிலோ. நடமாடும் கூரைக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கிடும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோதான். ஆகவே மாடியில் தரைப்பாத்தி வேண்டாம். கழுவிய கோகோபீட்டும் மண்புழு உரமும் மிகுந்த எடை குறைந்த கலவையைத் தொட்டிகளில் நிரப்பி, தூண்களும் உத்திரங்களும் போகும் வரிசையில் வையுங்கள். விரிசல் தெரிந்துவிட்டால் பாரத்தை இறக்கிவிட்டுக் கட்டடப் பொறியாளரை அழையுங்கள்.

அறிகுறி: வேலை முடிந்த பின் மழைநீர் முழுவதும் தெருவுக்கு ஓடுகிறது

தமிழ்நாட்டில் 2003இலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் புதிதாகக் கல் பதிக்கும்போது வாட்டத்தை வாசல் பக்கம் திருப்பிவிட்டால், குழி இருந்தும் பயன் இல்லை. வீட்டைச் சுற்றி இடைவெளியின்றிச் சிமென்ட் போடாதீர்கள். புல் முளைக்கும் துளையுள்ள கல்லோ, இரண்டு கல்லுக்கு நடுவே ஓர் அங்குல இடைவெளியில் சிப்ஸ் நிரப்பியதோ போதும், நீர் இறங்கும். பழைய குழியின் மேல்மணலை ஆடியில் எடுத்துக் கழுவிப் போடுங்கள். தோட்ட வேலையில் சிந்திய சேறு அதை அடைத்திருக்கும். பிறகு ஐப்பசியின் முதல் பெருமழையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பத்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். நீர் எந்தக் கல்லின் மேலாக வெளியே போகிறதோ, அந்தக் கல்லில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போட்டுவிடுங்கள். மழை விட்டதும் கொத்தனாரைக் கூப்பிட்டு முதலில் அதைத் தூக்கச் சொல்லலாம்.